நீ பூட்டாமல் விட்டுப்போன பட்டியல்

இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடிக்கவில்லை, மீசாலைத் தோட்டக்காரர் ஒருவர் நீரிறைக்கும் மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். உள்ளே கம்பிச்சுருள் எரிந்த நாற்றம் கடை முழுக்கப் பரவியது. மோட்டர் புதிது. மூடியைக் கழற்றலாம் என்று எங்கள் மெக்கானிக் குந்தினார். கடையில் உள்ள ஒரு ஸ்பானரும் அந்த நட்டில் பிடிக்கவில்லை. மூன்று மூலை வைத்து ஏதோ புது விதமாய்ச் செய்திருக்கிறார்கள்.

"உதுக்குக் கொம்பனிக்காரனிட்டை மட்டும்தான் திறப்பு இருக்குதாம் அக்கா" என்றார் தோட்டக்காரர். "கொழும்புக்கு அனுப்பட்டாம். அதுமட்டும் வெங்காயம் பொறுத்துக்கொண்டு நிக்குமே?"

"நிக்காது" என்றேன்.

அந்த எரிந்த நாற்றத்துக்குள் உன் நினைவு வந்தது. கண்ணீர் வரவில்லை. கொதிதான் வந்தது. நீ செத்து ஒரு வருடமாகிற ஆட்டைத் திவசத்துக்கு நூல்நிலையத்தார் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை இருந்தனீங்கள், கனிவாய் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று தலைவர் ஐயா கேட்டுவிட்டுப் போனார். கனிவு என்னிடம் இருப்பில் இல்லையடி. இருப்பதை எழுதுகிறேன். இதை அவர் அச்சடிக்கிறாரா என்று பார்ப்போம்.

நான் படிப்பை விட்டுவிட்டுச் சந்தியில் ஒரு பெட்டிக்கடை போட்டவள். சைக்கிள் டியூப், மண்ணெண்ணெய், பிறகு மெல்ல மெல்ல மிசின் சாமான். நீ படித்து, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து நூல்நிலையத்தில் போய் இருந்தாய். அங்கே சம்பளம் என்று சொன்னால் சம்பளம் கோபித்துக்கொள்ளும். நான் ஏசினேன். நீ சிரித்தாய். உன் சிரிப்பு எப்போதும் அப்படித்தான், எதிரே நிற்பவர் தோற்றாரா வென்றாரா என்று சொல்லாத சிரிப்பு.

யாரோ கழித்துவிட்ட கணினி ஒன்றை வாங்கித் துடைத்து, அதில் ஒரு மென்பொருளை நீ போட்ட நாள் ஞாபகம் இருக்கிறது. உலகமெங்கும் நூலகக்காரர் சேர்ந்து செய்து பொதுவில் விட்டதாம். எவரும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம், மாற்றியதை மற்றவர்க்கும் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருள் என்றாய்.

"சும்மாவோ தாறாங்கள்?" என்று கேட்டேன். "சும்மா வாற சாமானுக்குள்ளை ஒரு கொழுக்கி இருக்குமெடி. நான் வியாபாரி, எனக்குத் தெரியும்."

"உன்ரை கடையிலை எந்த மிசின் கெதியாய் விக்குது?"

"எல்லாக் கடையிலையும் சாமான் கிடைக்கிற மிசின்தான். ஒரு வோசர் போனால் ஊரிலேயே மாத்தலாம். ஆர் வேண்டாம் எண்டுவினம்?"

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறாய்? சும்மா எண்டது பெரிய விசயமில்லை. பூட்டில்லை எண்டதுதான் விசயம்."

அந்தச் சொல்லோடு என் வாயை அடைத்துவிட்டாய். என் வாயை அடைக்க ஊரில் உன்னால்தான் முடியும். ஊர்க்காரர் வாயை ஏன் நீ அடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மென்பொருள் தமிழில் அரைகுறையாய் இருந்தது. திரையில் நின்ற சொற்களைக் கண்டால் நூலகத்துக்கு வந்த கிழவர்கள் பயந்து ஓடுவார்கள். அதைத் திருத்தலாம் என்று கண்டதும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டாய். வருகிற போகிற சனத்தையெல்லாம் பிடித்துக் கேட்டாய்: "ஐயா, ஒரு சாமானை இரவல் கேக்கேக்கை என்னெண்டு கேப்பியள்?"

"ஒருக்கால் தாவன், கொண்டுபோட்டுத் தாறன் எண்டு கேப்பன் பிள்ளை."

"கொண்டுபோய்த் தராத ஆக்களுக்கும் ஒரு சொல் வைச்சிருக்கிறியோ?" என்று பக்கத்தில் நின்றவர் பகிடி விட்டார். "வைச்சிருந்தால் உவருக்குத்தான் முதல் போடவேணும். கிடங்கு கிண்டிற என்ரை அலவாங்கு இன்னும் உவரிட்டை."

கடை சிரித்தது. நீ சிரித்துக்கொண்டே எழுதினாய். அந்தச் சிரிப்புக்குள்ளிருந்துதான் "கொண்டுபோனது", "கொண்டுவந்தது" என்ற இரண்டு பொத்தான்களும் வந்தன. தவணை தப்பிய புத்தகத்துக்கு "இன்னும் வரவில்லை" என்று வைத்தாய். தண்டனை மாதிரி இல்லாமல் வீட்டில் காத்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றாய். செய்த வேலையை அந்தப் பொதுவுக்கே திருப்பி அனுப்பிவிட்டாய். "அனுப்பி என்னடி லாபம்?" என்றேன். "வேறை ஒருத்தி இதைத் திரும்பவும் செய்து மினக்கெடத் தேவையில்லை" என்றாய்.

பிறகுதான் கல்வெட்டு வேலை தொடங்கியது. இதை வாசிக்கிற வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வீடுவீடாய்க் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. முன்னால் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு. பின்னால் இன்னாருக்கு இன்னார் மகன், இன்னாரைக் கட்டினார், இன்னார் பிள்ளைகள், யார் எந்த நாட்டில் என்று வம்சம் முழுக்க இருக்கும். அதை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், எறியவும் பயப்படுவார்கள். அலுமாரிக்கு மேலே கறையான் தின்னும்.

நீ வீடுவீடாய்ப் போய்ச் சைக்கிள் கூடையில் அவற்றைச் சேர்த்தாய். எந்த நூலகத்துப் பட்டியலிலும் இப்படி ஒரு வகை இல்லை. அதனால் என்ன, மென்பொருளுக்குள் விவரம் தட்டுகிற பெட்டிகளை நீயே வைத்தாய். பிறந்த ஊர், புகுந்த ஊர், தாய்வழி, தகப்பன்வழி, பிள்ளைகள், இடம்பெயர்ந்து இருந்த ஊர்கள், போன நாடு. ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வருகிற கல்வெட்டெல்லாம் வரிசையாய் வரும்.

"விலைக்கு வாங்கிற சாமானிலை உந்தப் பெட்டி இருக்காது" என்றாய். "எங்கடை செத்தவீட்டைப் பற்றி அவைக்கு என்ன தெரியும்?"

பிரான்சிலிருந்து ஒரு பெண் வந்தாளே, ஞாபகமா? தாயின் தாயின் பெயரைத் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை. நீ தட்டினாய். அவளுடைய பெரியம்மா ஒருவர் கோயிலுக்குப் பின் ஒழுங்கையிலேயே இருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டாய். பேப்பர் மேசையில் இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பெரியம்மா கேட்டார்: "நீயும் முருங்கைக்காய் சாப்பிடமாட்டியோ? கொம்மா தொடமாட்டாள்." அந்தப் பிள்ளை அழத் தொடங்கியது. நீ தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போனவள் வெகுநேரம் வெளியில் வரவில்லை.

இப்படி இருந்த ஒன்றைத்தான் எங்கள் ஊர் அழகாய்க் கெடுத்தது. எப்படிக் கெடுத்தது என்று நான் சொல்லாவிட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் தகப்பனார் ஞாபகமாக நூல்நிலையத்துக்குப் புதுக் கணினியும், ஒரு கொழும்புக் கொம்பனியின் மென்பொருளும் வாங்கித் தருவதாகச் சொன்னது. கூட்டம் கூடியது. தலைவர் ஐயாவுக்கு முகம் மலர்ந்திருந்தது. கல்வித் திணைக்களத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பெயர்ப்பலகை கண்டால் உருகிவிடுவார்.

"உள்ளது வடிவாய்த்தானே வேலை செய்யுது ஐயா" என்றேன். "கணினியைத் தரட்டும், வாங்குவம். உள்ளுக்கு இருக்கிறதை ஏன் மாத்தவேணும்?"

"பிள்ளை, நாளைக்கு வெளியிலை இருந்து வாற சனம் கேட்டால் என்ன சொல்லுறது? ஓசியிலை கிடைச்சதை வைச்சு நடத்திறம் எண்டோ?"

"காத்தும் ஓசிதான் ஐயா. மூக்கைப் பொத்திக்கொண்டோ இருக்கிறியள்?"

"இது உங்கடை மிசின் கடை இல்லை. அறிவுச்சாலை."

அந்தக் குடும்பத்துக்காக வந்திருந்த உறவினர் எழும்பிச் சொன்னார்: "கணினியைத் திறந்தவுடனை முதல் திரையிலை பெரியப்பாவின்ரை படம் வரும். ஆர் எந்தப் புத்தகம் தேடினாலும் முதல் அவரைத்தான் பாப்பினம்."

அப்போதுதான் எனக்கு விசயம் விளங்கியது. அலுமாரி கொடுத்தால் கதவில் பெயர் எழுதலாம். தண்ணீர்த் தொட்டி கட்டினால் கல் பதிக்கலாம். உலகம் முழுக்கச் சேர்ந்து செய்து சும்மா விட்ட சாமானில் யாருடைய பெயரைப் பதிப்பது? பெயர் பதிக்க இடமில்லாத சாமானை எங்கள் ஊருக்கு மதிக்கத் தெரியாது. நான் இதை அந்த இடத்திலேயே சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ குடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது தெருவிலேயே உன்னைப் பிடித்தேன். "ஏனடி வாயைத் திறக்கேல்லை? நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நிண்டிருக்குமே!"

"செத்த மனிசன்ரை பேரிலை தாறினம். எப்பிடியடி வேண்டாம் எண்டு சொல்லுறது?"

இதற்குத்தான் எனக்கு உன்மேல் இன்றுவரை கொதி. ஊர்ச் செத்தவர்கள் எல்லோரையும் ஒவ்வொரு பெட்டியாய் ஏற்றி வைத்தவள் நீ. ஒரு செத்தவரின் பெயரைக் காட்டியதும் அத்தனை பேரையும் இறக்கிக் கொடுத்துவிட்டாய். மரியாதையாம். எங்கள் சனத்தை எவனும் வேறு விதமாய் ஏமாற்றத் தேவையில்லை. செத்தவரின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், கதவைத் திறந்துவிட்டுக் கையும் கூப்புவோம்.

மேளம் அடித்து, மங்கள விளக்கு ஏற்றி, நாடா வெட்டித் திறந்தார்கள். உனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கொம்பனி ஆள் வந்து புத்தகப் பெயர்களையும் எழுதியவர் பெயர்களையும் புதியதற்கு மாற்றினார். கல்வெட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "உந்தப் பெட்டியளுக்கு இதிலை இடமில்லை அக்கா. எல்லாத்தையும் 'பல்வகை' எண்டு போட்டுவிடவோ?"

எங்கள் தாய் தகப்பன்மாரெல்லாம் பல்வகை ஆனார்கள். உன் பழைய கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அதைக் கதிரைகள் அடுக்கும் அறைக்குள் போட்டார்கள். நீ கல்வெட்டுகளைப் பெட்டிகளில் கட்டி, மேலே துணி போட்டு மூடினாய். நான் அன்று உன்னோடு கதைக்கவில்லை. மறுநாள் நீ ஒன்றும் நடக்காத மாதிரிக் கடைக்கு வந்து, "எடி, கோவம் முடிஞ்சால் ஒரு பிளேன்ரீ ஊத்து" என்றாய். ஊற்றினேன். கோபம் முடியவில்லை.

பிறகு உன் நெஞ்சு ஒரு விடியலில் நின்றுவிட்டது. செத்தவீட்டில் தலைவர் ஐயா பேசினார். நூல்நிலையத்தின் தூண் சாய்ந்துவிட்டது என்றார். தூணைக் கதிரை அறைக்குள் போட்டதே நீங்கள்தானே ஐயா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. உன் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். இப்போது துப்பிவிட்டேன்.

நீ போய்ச் சில மாதத்தில் கொம்பனியின் தவணை முடிந்தது. தந்த குடும்பம் தாங்கள் தந்தது தந்ததுதான் என்று நின்றுகொண்டது. அதில் பிழையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் கட்டவேண்டிய சாமான் என்று அவர்களுக்கும் ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தால் பெரியவரின் படம் சிரித்தபடி வந்தது. அதற்குக் கீழே உரிமம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி. அதற்கப்பால் ஒன்றும் திறக்கவில்லை. பாவம் அந்த மனிதர். உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரையும் வாசலில் மறித்திருக்க மாட்டார்.

நான்தான் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"புதுப்பிச்சால்தான் திறக்கலாம் அக்கா."

"நாங்கள் புதுப்பிக்கப்போறதில்லை. எங்கடை பட்டியலை மட்டும் வெளியிலை எடுத்துத் தாங்கோ. எங்கடை ஆள் இருந்து தட்டின பட்டியல்."

"பட்டியல் உங்கடைதான். ஆனால் அது எங்கடை மென்பொருளுக்குள்ளை மட்டும்தான் திறபடும்."

பூட்டு விற்றவன் வீட்டுக்குள் நின்று கதைக்கிறான். வியாபாரத்தில் இதை நானும் கண்டிருக்கிறேன், கெட்டிக்காரத்தனம் என்று மெச்சியும் இருக்கிறேன். ஆனால் மிசினைப் பூட்டி வைத்தால் வெங்காயம் காயும், அடுத்த போகம் நடலாம். இது நீ கையால் கட்டியது. நீ இல்லை. இன்னொரு தரம் கட்ட ஆள் இல்லை. உன் வேலை இதோடு போய்விட்டது என்று நினைத்து நான் அன்று கடையை மத்தியானத்தோடு மூடினேன்.

கூட்டத்தில் தலைவர் ஐயா வேறொரு குடும்பத்திடம் கேட்டு இன்னும் புதிதாய் ஒன்று எடுப்போம் என்றார். நான் எழும்பினேன். என்ன சொன்னேன் என்று முழுதாய் எழுதினால் மலரில் போட மாட்டார்கள். சுருக்கம்: "இன்னொரு செத்தவரின்ரை படத்தையும் கொண்டுவந்து பூட்டப்போறியளோ?"

செத்தவீட்டில் கரவெட்டியிலிருந்து ஒரு நூலகர் வந்து மூலையில் நின்று அழுதது எனக்கு ஞாபகம் இருந்தது. உன்னை எப்படித் தெரியும் என்று அன்று கேட்கவில்லை. உன் வேலை தெரிந்தவராய் இருக்கலாம் என்று அடுத்த நாள் பஸ் ஏறி அவரைத் தேடிப்போனேன். நாற்பது வயது மட்டில் ஒரு பெண். அவருடைய மேசைக் கணினியில் திரை திறந்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். "கொண்டுபோனது. கொண்டுவந்தது. இன்னும் வரவில்லை."

என் கடையில் அலவாங்குக்காரரும் இரவல்காரரும் சண்டை பிடித்து வந்த சொற்கள். கதிரையை இழுத்து இருந்து இன்னொரு தரம் வாசித்தேன்.

"அக்கா பொதுவிலை போட்டவ எல்லோ" என்றார் அவர். "இங்கை மட்டுமில்லை, தமிழிலை இதைப் போடுற எல்லா இடத்திலையும் அவவின்ரை சொல்லுத்தான் வரும்." பிறகு கேட்டார்: "ஏன், உங்கடை ஊரிலை இல்லையோ?"

இருந்ததை எடுத்துவிட்ட கதையைச் சொன்னேன்.

"அக்கா தட்டின பட்டியல் முழுக்க, கல்வெட்டோடை, இங்கை ஒரு பிரதி இருக்கு" என்றார். "ரெண்டு ஊர்ச் சனமும் கலியாணம் கட்டிக் கலந்தது, சேத்துத் தேடினால்தான் வம்சம் பிடிபடும் எண்டு தந்தவ. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. எனக்குச் சொல்லவில்லை நீ. பிரதி கொடுப்பது உனக்குச் சொல்லவேண்டிய காரியமாகவே இருந்திருக்காது; பக்கத்து வீட்டுக்குக் கறி கொடுத்ததை யார் சொல்வார்கள்? பஸ்ஸில் வரும்போது உன்னை ஏசிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வந்தேன். அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார், வந்தார்.

கதிரை அறையில் திறப்பு விழாத் திரைச்சீலைக்குக் கீழே உன் கணினி கிடந்தது. என் மெக்கானிக் உள்ளே ஊதித் தூசு எடுத்தார். கரவெட்டிப் பிள்ளை இருந்து மென்பொருளை ஏற்றி, பட்டியலைப் போட்டார். புதிய கணினி வந்தபின் வந்த புத்தகங்கள் இல்லை. அவற்றை அலுமாரியைப் பார்த்துத் தட்டலாம். செத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தாய்வழி, தகப்பன்வழி, போன நாடு. யாரும் பல்வகை இல்லை.

தலைவர் ஐயா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "நல்லது. இதுக்கும் ஒரு உபயகாரர் வேணும். உங்கடை பேரைப் போடுவமே பிள்ளை?"

"போட இடமில்லை ஐயா" என்றேன். அந்த மனிதரைத் திருத்த என்னால் ஆகாது.

எல்லோரும் போனபிறகு உன்னுடைய கல்வெட்டை எடுத்துக் கொடுத்தேன். உன் தம்பி நல்ல தாளில் போட்டிருந்தார். கரவெட்டிப் பிள்ளை வாசித்து வாசித்துத் தட்டினார். தாய், தகப்பன், சகோதரங்கள், மருமக்கள். கணவர்: இல்லை. பிள்ளைகள்: இல்லை. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தை ஒரு தேவாரம் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டேன்.

"உள்ளதெல்லாம் போட்டாச்சு அக்கா."

"சிநேகிதர் எண்டு பெட்டி இல்லையோ?"

"கல்வெட்டிலை ஆர் சிநேகிதரைப் போடுறவை?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வேணுமெண்டால் வைக்கலாம்."

"ஆரிட்டைக் கேக்கவேணும்?"

"ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

வைத்தார். ஊரில் செத்த எல்லோருடைய பக்கத்திலும் அந்தப் பெட்டி வந்துவிட்டது, எல்லாம் வெறுமையாய். உன்னுடையதில் என் பெயரை நானே ஒரு விரலால் தட்டினேன்.

செய்தி எப்படிப் போனதோ தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடையை மத்தியானம் மூடிவிட்டு அங்கே போனபோது ஒரு கிழவர் காத்திருந்தார். "என்ரை அப்பரின்ரை பெட்டியிலை ஒரு பேர் போடவேணும் பிள்ளை. வேலிச் சண்டையிலை அப்பரோடை வழக்குப் போட்டவன். ஆனால் ஷெல் விழேக்கை எல்லாரும் ஓட, அப்பரைச் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு போனவன் அவன்தான். அவனைச் சிநேகிதன் எண்டு போடலாமோ?"

"இருங்கோ ஐயா" என்றேன். "பேரைச் சொல்லுங்கோ."

இப்போது வெள்ளி மத்தியானங்களில் என் கடை பூட்டு. வாடிக்கையாளர்கள் ஏசுகிறார்கள், ஏசட்டும். உன்மேல் உள்ள கொதி இன்னும் ஆறவில்லை. அந்தக் கூட்டத்தில் நீ வாய் திறந்திருக்க வேண்டும், நான் சாகும்வரை அதைச் சொல்வேன். அந்தக் கொதியோடுதான் உன் கதிரையில் போய் இருக்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு பெயராய்ச் சொல்கிறார்கள். நான் ஒரு விரலால் தட்டுகிறேன்.